பிறந்த குழந்தைக்கு ஒயர் இல்லாத சென்சார்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பிறந்த குழந்தையின் இதயத்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை ஒயரே இல்லாமல் அளக்கும் சென்சார்கள் இப்போது வந்திருக்கின்றன. நெஞ்சில் ஒரு சின்ன ஒட்டு, பாதத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். அளவுகள் பக்கத்தில் இருக்கும் திரைக்குப் போய்விடும். அதைப் பார்த்ததும் அம்மாக்களும் அப்பாக்களும் பாட்டிகளும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எது தேவை என்பதை அதைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வது புரிய இது உதவினால் போதும்.

பிறந்ததும் எதையெல்லாம் அளக்கிறீர்கள்?

முக்கியமாக நான்கு. இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது, எத்தனை மூச்சு விடுகிறது, உடம்பு எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு. நிறைமாதக் குழந்தை அமைதியாக இருக்கும்போது இதயத்துடிப்பு பெரும்பாலும் 110 முதல் 160 வரை இருக்கும். மூச்சு 30 முதல் 60. அக்குளில் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். திரையில் 150 என்று பார்த்ததும் சில அப்பாக்களுக்கு வியர்த்துவிடும். பெரியவர்களுக்குத்தான் அது அதிகம், குழந்தைக்கு அதுதான் இயல்பு.

மயக்கமருந்து நிபுணர் விர்ஜீனியா அப்கார் 1952-ல் ஒரு மதிப்பெண் முறையை முன்வைத்தார். இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் திறன், தூண்டினால் முகம் சுளிப்பது, தோலின் நிறம் என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். முதல் நிமிடத்தில் ஒருமுறை, ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை. இன்றும் அதைத்தான் போடுகிறோம். ஆனால் அந்த இரண்டு பார்வைக்கு நடுவிலும் அதற்குப் பிறகும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள். தொடர்ந்து அளக்கும் கருவிகள் அவர்களுக்காகத்தான்.

எங்கள் குழந்தை பிறந்ததும் நன்றாக அழுதது. அப்புறமும் இது தேவையா?

பெரும்பாலும் தேவைப்படாது. பத்தில் ஒன்பது குழந்தைகள் தாமாகவே மூச்சுவிடத் தொடங்கிவிடுகின்றன. துடைத்து, அம்மாவின் நெஞ்சில் படுக்கவைத்து, அவ்வப்போது வந்து பார்த்தாலே போதும். பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் உதவி வேண்டும். நூறில் ஒன்றுக்குத்தான் தீவிரமான முயற்சி தேவைப்படும்.

தொடர்ந்து பார்க்கச் சொல்வது குறைமாதக் குழந்தைகள், எடை மிகக் குறைந்தவர்கள், பிறந்ததும் மூச்சுக்கு உதவி தேவைப்பட்டவர்கள், தொற்று இருக்குமோ என்று சந்தேகிக்கப்படுகிறவர்கள் ஆகியோரை. 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். அப்படி இறப்பவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். அந்த வாரத்தில் நாங்கள் ஏன் இவ்வளவு கெடுபிடியாக இருக்கிறோம் என்பதற்கு இதுதான் காரணம்.

ஒயர் வைத்த மானிட்டரில் என்ன குறை? அளவு சரியாகத்தானே காட்டுகிறது?

அளவு சரியாகத்தான் காட்டுகிறது. ஒரு குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரிலிருந்து எடுத்து அம்மாவின் கையில் கொடுப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள், குறை எங்கே என்று புரிந்துவிடும். நெஞ்சிலும் வயிற்றிலுமாக மூன்று ஈசிஜி ஒயர். பாதத்திலிருந்து ஆக்சிஜன் ஒயர். வெப்பம் பார்க்க இன்னொன்று. இது போக உணவுக் குழாய், சில சமயம் கையில் ஊசி. ஒருவர் குழந்தையைத் தூக்குவார், இன்னொருவர் ஒயர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்வார். எதிலாவது சிக்கி ஒரு ஒட்டு கழன்றால் அலாரம் அலறும், குழந்தை திடுக்கிடும். அம்மா பயந்துபோய், “பரவாயில்லை சிஸ்டர், உள்ளேயே வைத்துவிடுங்கள்” என்பார்.

அந்த வார்த்தையைப் பல முறை கேட்டிருக்கிறேன். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகும். குழந்தையைத் தொடவே ஆசைப்பட்டு வந்தவர், ஒயரைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்கிறார். டயப்பர் மாற்றுவதில் தொடங்கி பால் கொடுப்பது, குழந்தையைத் திருப்பிப் படுக்கவைப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒயரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஒயர் இல்லாத சென்சாரை நான் விரும்புவதற்கு முதல் காரணம், அம்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சிடுக்கை அது எடுத்துவிடுகிறது என்பதே.

ஒயர் இல்லாமல் எப்படித்தான் அளக்கிறது?

அளக்கும் முறை பழையதுதான். நெஞ்சில் ஒட்டுவது இதயத்தின் மின் துடிப்பைப் பிடிக்கிறது, அதாவது ஈசிஜி. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்து மூச்சை எண்ணுகிறது. பாதத்தைச் சுற்றிய பட்டையில் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் இருக்கும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் இந்த இரண்டு ஒளியையும் ஒரு விதமாக உறிஞ்சும், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வேறு விதமாக உறிஞ்சும். அந்த வித்தியாசத்திலிருந்து சதவீதம் வருகிறது. பல்ஸ் ஆக்சிமீட்டரின் இந்த அடிப்படையை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்.

புதிதாக வந்தது இத்தனையையும் மெல்லிய, வளையும் ஒட்டுக்குள் அடக்கியதுதான். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் நெஞ்சுக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று என இரண்டு சென்சார்கள். அவற்றில் பேட்டரிகூட இல்லை. மெத்தைக்கு அடியில் வைத்த ஆன்டெனாவிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டன. 2020-ல் அதே குழு பேட்டரியும் புளூடூத்தும் உள்ள வடிவத்தைக் கொண்டுவந்தது. குழந்தை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, எவ்வளவு அசைகிறது, அழுகிறதா என்பதையும் அது சொன்னது.

பிறந்த முதல் நிமிடத்திலேயே இது பயன்படுமா?

அந்த முதல் நிமிடத்தில் எல்லாவற்றையும்விட இதயத்துடிப்புதான் எங்களுக்கு வழிகாட்டி. 100-க்குக் கீழே இருந்தால் மாஸ்க் வைத்துக் காற்று கொடுப்போம். நன்றாகக் காற்று கொடுத்தும் 60-க்குக் கீழேயே நின்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குவோம். ஸ்டெதாஸ்கோப்பில் 6 வினாடி எண்ணிப் பத்தால் பெருக்குவது வழக்கம். பதற்றத்தில் அந்த எண்ணிக்கை தப்பும். பல்ஸ் ஆக்சிமீட்டர் நம்பகமான எண்ணைக் காட்ட ஒன்று இரண்டு நிமிடம்கூட ஆகலாம். ஈசிஜி அதைவிட வேகமாகக் காட்டிவிடும்.

அதற்கென்றே வந்ததுதான் லேர்டல் நிறுவனத்தின் நியோபீட். ஒட்டு எதுவும் வேண்டாம். வளைவான கருவியைக் குழந்தையின் நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தில் கவ்வ வைத்தால் சில வினாடிகளில் எண் தெரியும். காற்று கொடுத்துக்கொண்டிருப்பவர் தலையைத் திருப்பாமலே பார்க்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஈசிஜி காட்டுவது மின் துடிப்பை மட்டும்தான். அரிதாக, மின் துடிப்பு இருந்தும் ரத்தம் பாயாமல் இருக்கலாம். அதனால் திரையில் எண் வந்த பிறகும் காதும் கையும் குழந்தையின் மேல்தான் இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் 70 என்று காட்டியது. எங்களுக்கு உயிரே போய்விட்டது. அது ஆபத்து இல்லையா?

எத்தனையாவது நிமிடம் என்பதைப் பொறுத்தது. வயிற்றில் இருந்தவரை குழந்தை குறைந்த ஆக்சிஜனில்தான் வளர்ந்தது. வெளியே வந்ததும் ஒரேயடியாக 95 ஆகிவிடாது. முதல் நிமிடத்தில் 60 முதல் 65, மூன்றாவது நிமிடத்தில் 70 முதல் 75, ஐந்தாவதில் 80 முதல் 85, பத்தாவதில் 85 முதல் 95 என்று படிப்படியாக ஏற வேண்டும் என்பதுதான் நாங்கள் பின்பற்றும் அளவு. இது வலது கையில் பார்க்கும் அளவு. பிறந்த புதிதில் பாதத்தில் பார்த்தால் சற்றுக் குறைவாகவே காட்டும், ஏனென்றால் வயிற்றில் இருந்தபோது நுரையீரலுக்குப் போகாமல் ரத்தத்தைத் திருப்பிவிட்ட ரத்தக்குழாய் அதற்குள் முழுதாக மூடியிருக்காது. ஆக, சென்சார் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிமிடத்தில் 70 இருந்தால் நல்ல செய்தி. மூன்றாவது நாளில் 70 இருந்தால் நாங்கள் ஓடிவருவோம்.

குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு வைத்திருக்கும்போது இது ஏன் அவ்வளவு முக்கியம் என்கிறீர்கள்?

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடியபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். அதுதான் கங்காரு தாய்ப் பராமரிப்பு. வேறு வழியில்லாத இடத்துக்கான ஏற்பாடு என்றுதான் பல காலம் நினைத்தார்கள். உடல்நிலை சீரான பிறகே தொடங்க வேண்டும் என்றும் இருந்தது.

2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு இதை மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினரைப் பிறந்த உடனேயே கங்காரு முறையில் வைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் 12 சதவீதம். சீரான பிறகு தொடங்கிய பிரிவில் 15.7 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தன் வழிகாட்டுதலையே மாற்றிக்கொண்டது. பிறந்த உடனே தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வையுங்கள் என்றது.

இன்னும் சீராகாத குழந்தையை நெஞ்சில் வைக்கச் சொன்னால், அங்கேயே அதைக் கவனிக்கவும் வேண்டும் அல்லவா? ஐந்து ஒயரோடு 20 மணி நேரம் ஒரு தாய் எப்படிப் படுத்திருப்பார், எப்படி எழுந்து பாத்ரூம் போவார்? சென்சார் குழந்தையோடேயே நகர்ந்தால் நெஞ்சிலும் வைக்கலாம், கவனிக்கவும் செய்யலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல நிலையில் பிறந்த குழந்தையே முதல் சில மணி நேரத்தில், அம்மாவின் மேல் கவிழ்ந்து கிடக்கும்போது மூக்கு அழுந்தித் திடீரென மூச்சு நின்றுபோவது மிக அரிதாக நடக்கிறது. அம்மா அசந்து தூங்கியிருப்பார், துணைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைக் கடைப்பிடியுங்கள்: குழந்தையின் முகம் கண்ணில் படும்படி, தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் திறந்து, கழுத்து மடங்காமல் இருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரமாவது விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புளூடூத் கதிர்வீச்சு குழந்தையைப் பாதிக்காதா?

புளூடூத் அனுப்பும் சக்தி மிக மிகக் குறைவு. கைபேசி டவரோடு பேசும்போது வெளிவிடும் சக்தியோடு ஒப்பிட்டால் சிறு துளி. ரேடியோ அலைக்கு எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் வலு கிடையாது. கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பலரும் கைபேசியைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்திருப்பார்கள். முதலில் அதை எடுங்கள்.

ஒட்டைப் பிய்க்கும்போது தோல் உரிந்துவிடாதா?

இதில் உங்கள் பயம் சரியானது. குறைமாதக் குழந்தையின் தோல் ஈரமான மெல்லிய தாள் மாதிரி. வெளித்தோல் முழுதாக உருவாகியிருக்காது. வலுவான பசை உள்ள ஒட்டை வேகமாக இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும், அந்தப் புண் வழியாகத் தொற்று நுழையும். புதிய சென்சார்களில் பலவற்றில் ஜெல் போன்ற மென்மையான பசை இருக்கிறது. சிலவற்றைத் துணிப் பட்டையால் சுற்றினாலே போதும். அப்படியும் எடுக்கும்போது ஈரப் பஞ்சால் ஓரத்தை நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, ஒட்டைத் தாழ்வாக மடித்து மெல்ல உருட்டி எடுப்பேன். மேல்நோக்கி இழுக்க மாட்டேன். பாதத்துப் பட்டையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி இடம் மாற்ற வேண்டும். இறுக்கமாகச் சுற்றினால் தடம் விழும், அளவும் தப்பும்.

அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் யாரும் பதறுவதே இல்லையே?

கால் உதைத்தால் அடிக்கும், அழுதால் அடிக்கும், பட்டை நழுவினால் அடிக்கும். மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் ஒளி ஆக்சிஜன் சென்சாரில் விழுந்தாலும் குழப்பம் வரும், அதற்குத்தான் பாதத்தைத் துணியால் மூடுகிறோம். வெறும் அசைவால் வரும் அலாரம்தான் ஏராளம். நாள் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டு காது மரத்துப்போவது எங்கள் தொழிலின் உண்மையான ஆபத்து. ஒயரை எடுத்துவிட்டால் இது தானாகத் தீர்ந்துவிடாது. நல்ல கருவி என்றால் அசைவு எது, உண்மையான சரிவு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனை கருவி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

அலாரம் அடித்ததும் நான் முதலில் பார்ப்பது திரையை இல்லை. உதட்டின் நிறம், நெஞ்சு ஏறி இறங்குகிறதா, கை கால் தொய்ந்திருக்கிறதா. ரோஜா நிறத்தில் உதைத்துக்கொண்டு இருந்தால் பட்டையைச் சரிசெய்வேன். நிறம் மாறியிருந்தால் பாதத்தையோ முதுகையோ தேய்த்துத் தூண்டுவேன், குரல் கொடுப்பேன். இதைப் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

மூச்சு நின்று நின்று வருகிறது. சென்சார் ஏன் சும்மா இருக்கிறது?

குழந்தைகள் வேகமாகச் சில மூச்சு விட்டு, 5 அல்லது 10 வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்குவது சகஜம். நிறுத்தம் 20 வினாடியைத் தொட்டாலோ, அதற்கு முன்பே இதயத்துடிப்போ ஆக்சிஜனோ சரிந்தாலோ அதை மூச்சடைப்பு என்று எடுத்துக்கொள்வோம். கருவியும் அந்தக் கணக்கில்தான் அமைக்கப்பட்டிருக்கும்.

கருமையான தோலில் சரியாகக் காட்டுமா?

இதயத்துடிப்பும் மூச்சும் வெப்பமும் பிரச்சினை இல்லை. ஆக்சிஜன் அளவில்தான் சிக்கல். ஒளியை வைத்து அளக்கும் கருவிகள் கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 1990-லேயே ஆய்வில் வெளிவந்தது. 2020-ல் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் காது கொடுத்தது. ஒயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் குறை ஒன்றுதான். எண் நன்றாக இருந்தும் குழந்தை சோர்ந்திருந்தால் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, ரத்தத்தை எடுத்தே பார்க்க வேண்டும்.

பேட்டரி தீர்ந்தால்? சிக்னல் விட்டுப்போனால்?

இரண்டுக்கும் அலாரம் உண்டு, இருக்கவும் வேண்டும். திரையில் எண்ணுக்குப் பதில் கோடு தெரிந்தால் உடனே சொல்லுங்கள். குழந்தையோடு வேறு அறைக்கு நடந்துபோனால் இணைப்பு அறுந்துவிடலாம்.

வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு இது எட்டுமா?

அங்கேதான் இதற்கு அதிக வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு செவிலியர் இருபது குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், யாருக்கு முதலில் ஓட வேண்டும் என்று தெரிவதே பாதி சிகிச்சை. நியோபெண்டா நிறுவனம் உகாண்டா மருத்துவமனைகளை மனதில் வைத்து நியோகார்ட் என்ற நெற்றிப் பட்டையை உருவாக்கியது. பல குழந்தைகளின் அளவுகள் ஒரே திரையில் வரும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் பேட்டரியில் ஓடுவது பெரிய வசதி.

ஆனால் ஆக்சிஜன் சரிகிறது என்று கருவி சொல்லும்போது கொடுக்க ஆக்சிஜன் இருக்க வேண்டும், ஓடிவர ஆள் இருக்க வேண்டும். கருவியை மட்டும் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காமல் விட்டால், அங்கே அலாரம் அடிப்பதைக் கேட்க யார் இருப்பார்கள்?

வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

ஆரோக்கியமான குழந்தைக்கு வேண்டாம். கடையில் விற்கும் சாக்ஸ், கிளிப் வகைக் கருவிகளும் மருத்துவமனைக் கருவிகளும் ஒன்றல்ல. 2018-ல் இரண்டு வீட்டுக் கருவிகளை மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்று ஆக்சிஜன் குறைந்ததைச் சில சமயம் பிடித்தது, சில சமயம் விட்டது. மற்றொன்று ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அமைப்பு 2021-ல் அவ்லெட் நிறுவனத்துக்கு, அதன் சாக்ஸ் விற்பனை குறித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2023-ல் அதே நிறுவனத்தின் வேறு வடிவங்களுக்கு அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்ததாலேயே அது தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்கும் என்று ஆகிவிடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் அந்த நோக்கத்துக்காக வீட்டு மானிட்டர்களை நம்ப வேண்டாம் என்றே சொல்கிறது. மல்லாக்கப் படுக்கவைப்பது, தட்டையான மெத்தை, முகத்தருகே தலையணை, பஞ்சு பொம்மை இல்லாமல் பார்ப்பது, புகை இல்லாத வீடு. பலன் நிரூபிக்கப்பட்டவை இவை.

குழந்தையின் மூச்சுக் கோளாறுக்காக மருத்துவரே எழுதிக்கொடுத்தால் அது வேறு கதை. அப்போது அலாரம் அடித்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

சரி, வீட்டில் சென்சார் இல்லையென்றால் எதைப் பார்ப்பது?

பால் குடிக்காமல் சோர்வது. வலிப்பு. ஒரு முழு நிமிடம் எண்ணும்போது மூச்சு 60-க்கு மேல் இருப்பது. எண்ணியதும் அதிகமாக இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே ஆழமாகக் குழிவது. தானாக அசையாமல் கிடப்பது. உடம்பு 37.5 டிகிரியைத் தாண்டுவது அல்லது 35.5-க்குக் கீழே போவது. முதல் நாளிலேயே மஞ்சள் படர்வது, அல்லது எந்த நாளிலும் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாவது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

எப்போது சென்சாரை எடுப்பீர்கள்?

மூச்சடைப்பு வந்த குறைமாதக் குழந்தை என்றால், ஒன்றுகூட வராமல் தொடர்ந்து பல நாட்கள் கழிய வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 7 நாள் பார்ப்பார்கள். நடுவில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஐந்தாவது நாளில் ஒன்று வந்து, டிஸ்சார்ஜுக்குத் துணி மடித்து வைத்த அம்மா மறுபடி பையைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் அன்று பேச ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது நாள் கழித்து நெஞ்சிலிருந்த ஒட்டை ஈரப் பஞ்சால் நனைத்து எடுத்தபோது, தோலில் ஒரு ரூபாய் அளவுக்கு வெளிறிய தடம் மட்டும் இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “திரை இல்லாமல் இன்று ராத்திரி தூங்க முடியுமா சிஸ்டர்?” என்று கேட்டார். முதல் இரண்டு நாள் தூங்க மாட்டீர்கள், அது எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன்.